பெலாஜியுஸ் இளகிய மனம் கொண்டவரா?

கேள்வி: ஆதாம் செய்த பாவத்துக்கு நேற்றுப் பிறந்த குழந்தை எப்படிப் பொறுப்பாகும்? மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக வாழ முடியும் என்று சொன்ன பெலாஜியுஸ்தானே மனிதநேயர்? பேரரசரின் கையைக் கொண்டுதானே அவரை அடக்கினார்கள்?

பதில்: முதலும் கடைசியும் நியாயமான கேள்விகள். நடுவில் இருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

பெலாஜியுஸ் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசப்பட்ட கிறிஸ்தவப் போதகர், பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்தவர். கண்டிப்பான துறவு வாழ்க்கையைப் போதித்தவர். "நீர் கட்டளையிடுவதைத் தாரும், விரும்புவதைக் கட்டளையிடும்" என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் கடவுளிடம் வேண்டிய வரியைக் கேட்டுக் கொதித்துப்போனவர். தெமெத்ரியாஸ் என்ற உயர்குடிப் பெண் துறவு ஏற்றபோது அவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இதுதான்: முடியாததைக் கடவுள் கட்டளையிட மாட்டார், ஆகவே கட்டளையிட்டதெல்லாம் உன்னால் முடியும். கேட்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் முடியும் என்றால், செய்யத் தவறிய ஒவ்வொன்றும் முழுக்க முழுக்க உன் குற்றம் என்றாகிறது. குடியை விட்டுவிடத் துடித்தும் மறுபடி மறுபடி விழுகிற ஒருவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பாவமன்னிப்பையும் கிறிஸ்துவின் முன்மாதிரியையும் பெலாஜியுஸ் மறுக்கவில்லை, உண்மை. ஆனாலும் அவனிடம் அவர் கடைசியில் கேட்கப்போவது, "நீ ஏன் மனம் வைக்கவில்லை?" என்பதைத்தான். மனமே நோயுற்றுக் கிடக்கிறது, அதைக் குணமாக்கக் கிருபை, அதாவது கடவுள் இலவசமாகத் தரும் உதவி, முந்தி வரவேண்டும் என்ற அகுஸ்தீனுக்கு அவன் படும் பாடு தெரியும்.

சரி, குழந்தைக்கு வருவோம். பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானத்தைக் குழந்தைகளுக்கும் கொடுக்கிறோமே, அப்படியானால் அவர்களிடமும் பாவம் இருக்கத்தான் வேண்டும் என்று அகுஸ்தீன் வாதாடினார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுவுக்கும் தண்டனை உண்டு, அது மிக இலேசானதுதான் என்கிற வரைக்கும் போனார். பச்சைக் குழந்தையைத் தண்டிப்பவர் நீதியுள்ள கடவுளா என்று இத்தாலியிலிருந்த எக்லானும் என்ற நகரின் ஆயர் யூலியான் அவரை விடாமல் கேட்டார். அதற்கு அகுஸ்தீன் பக்கம் பக்கமாக எழுதிய எதுவும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. சாவையும் பலவீனத்தையும் ஆதாமிடமிருந்து பெறுகிறோம், அவன் குற்றத்தை அல்ல என்று சொல்லும் கிழக்கு (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபைகளின் பக்கமே நான்.

அதிகாரம் புகுந்ததும் அசிங்கம்தான். 415இல் பாலஸ்தீனத்தில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். போப் சோசிமுஸும் முதலில் அவர் பக்கம் சாய்ந்தார். ஆப்பிரிக்க ஆயர்கள் விடவில்லை. 418 ஏப்ரலில் பேரரசர் ஹொனோரியுஸ் பெலாஜியுஸை ரோமிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார். அப்புறம் போப்பும் கண்டனத்தில் சேர்ந்துகொண்டார். அந்தக் கண்டனத்தில் கையெழுத்திட மறுத்த இத்தாலிய ஆயர்கள் 18 பேர் பதவி இழந்தார்கள், யூலியான் உட்பட.

இருந்தும் அகுஸ்தீன் முழுதாக வென்றுவிடவில்லை. 529இல் இன்றைய பிரான்சிலுள்ள ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் கிருபையே முந்தியது என்று ஏற்றது. ஆனால் சிலரைத் தீமைக்கென்றே கடவுள் முன்குறித்தார் என்று சொல்பவர்களைச் சபித்தது. ஞானஸ்நானம் பெற்ற எவரும் கிறிஸ்துவின் துணையோடு மனம் வைத்து உழைத்தால் மீட்புக்கு வேண்டியதைச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும் என்றும் எழுதிவைத்தது.