வாசகர் கேள்வி: வெறுப்பாக இருக்கிறது என்று சொன்ன காப்பாளர்

கேள்வி: வீட்டு வன்முறையாலும் கைவிடப்பட்டதாலும் பாதிக்கப்பட்ட பதின்பருவத்தினர் தங்கியிருக்கும் ஓர் இல்லத்தின் பொறுப்பாளராக இருக்கிறேன். ஓராண்டுக்குள் நான்கு காப்பாளர்கள் வேலையை விட்டு விலகிவிட்டார்கள். இருப்பவர்களில் மிகவும் பொறுமைசாலி என்று நான் நம்பிய பெண்மணி, சென்ற வாரம் என் அறைக்கு வந்து, "அந்தப் பையனைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது, நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவள்" என்று அழுதார். மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி வகுப்புகளை நடத்திப் பார்த்தேன், பயனில்லை. நான் வேறு என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்தப் பெண்மணி தகுதியில்லாதவர் அல்லர். உங்கள் இல்லத்தில் மற்றவர்களும் உணர்ந்து, வாய்விட்டுச் சொல்லாமலே விலகிப்போன ஒன்றை அவர் சொல்லியிருக்கக்கூடும்.

பிரிட்டனைச் சேர்ந்த குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், இரண்டாம் உலகப் போரின்போது வீட்டைப் பிரிந்து விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட சிறுவர்களோடு பணியாற்றியவர். அப்படியொரு விடுதியிலிருந்து ஓடிப்போன ஒன்பது வயதுச் சிறுவனை அவரும் அவர் மனைவியும் மூன்று மாதங்கள் தம் வீட்டில் வைத்திருந்தார்கள். அவன் எல்லை மீறும்போதெல்லாம் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தி, நடந்தது தமக்கு வெறுப்பை உண்டாக்கிவிட்டது என்று அவனிடமே சொன்னதாகவும், அப்படிச் சொல்ல முடிந்ததால்தான் தாம் நிதானம் இழக்காமல் இருக்க முடிந்தது என்றும் 1949இல் அவர் எழுதினார். இன்று எந்த இல்லத்திலும் பிள்ளையை வெளியே நிறுத்தக்கூடாது. வெறுப்பை அவனிடம் சொல்வதும் முறையன்று. ஆனால் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பெரியவர்களால் காயப்பட்ட பிள்ளை, புதிதாக வந்த பெரியவரும் தன்னைத் துரத்திவிடுவார் என்றே எதிர்பார்க்கிறது. எப்போது நடக்குமோ என்று காத்திருப்பதைவிட, அதைத் தானே வரவழைத்துவிடுவது அதற்கு எளிதாக இருக்கிறது. ஆகவே காப்பாளரின் மனத்தில் எழும் வெறுப்பு பல நேரங்களில் அந்தப் பையன் எதைச் சுமந்து வந்திருக்கிறான் என்பதற்கான தடயம். அதைத் தனியாக வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது குற்ற உணர்வாக மட்டுமே மிஞ்சும்.

இதற்கு வாரந்தோறும் மாறாத ஒரு மணி நேரமும், கேட்பதற்கு மாறாத ஒருவரும் வேண்டும். பணி மதிப்பீடு எழுதுகிறவரே கேட்பவராகவும் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எனவே அது நீங்களாக இல்லாமல், வெளியிலிருந்து வரும் அனுபவமுள்ள ஒருவராக இருப்பது நல்லது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறேன்" என்ற பதிலே வரும். எந்த நொடியில் கோபம் வந்தது, அதற்குச் சற்றுமுன் பையன் எதைக் கண்டு பயந்திருப்பான் என்று கேட்க வேண்டும். வேலை நெருக்கும் வாரத்தில் முதலில் ரத்தாவது இந்தச் சந்திப்புதான். ஒருமுறை ரத்தானாலும், தங்கள் மனநிலைக்கு இங்கே எவ்வளவு மதிப்பு என்பதைப் பணியாளர்கள் கணக்கிட்டுவிடுவார்கள்.

பயிற்சி வகுப்புகள் கெடுதல் அல்ல. ஆனால் இரவுப் பணியில் ஒருவரைத் தனியே விட்டுவிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவதில் பொருளில்லை.

அடிதடியோ, ஒரு பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதோ நேர்ந்த அன்று, சம்பந்தப்பட்டவரைப் பணியிலிருந்து சற்று விடுவித்து, உடன் ஒருவரை இருக்கச் செய்யுங்கள். நடந்ததை விவரமாகச் சொல்லும்படி உடனே வற்புறுத்த வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலைத் தடுப்பதற்காக அப்படி உட்காரவைத்துப் பேசவைக்கும் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்திருக்கிறது. கெட்ட கனவுகளும், பிள்ளைகள் சொன்ன காட்சிகள் தானாகக் கண்முன் வருவதும் வாரக்கணக்கில் நீடித்தால், அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது.

அந்தப் பெண்மணியை அவசரப்பட்டு வேறு பிரிவுக்கு மாற்றிவிடாதீர்கள்; அவருக்கு அது தண்டனையாகவும், பையனுக்கு இன்னொரு கைவிடலாகவும் படும். அவனை அடித்துவிடுவேனோ என்று அவர் அஞ்சினால் மட்டும் அன்றைக்கே மாற்றுங்கள். எத்தனை நாளுக்கு, அதை அவனிடம் யார் எப்படிச் சொல்வது என்பதை அவரோடு சேர்ந்தே முடிவு செய்யுங்கள்.