கார்ன்வாலின் பழைய சுரங்க வழியில் குடும்பத்தோடு சைக்கிள்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் ரெடிங் ஊரில் இருக்கிறோம். மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறைக்குக் காரில், நாட்டின் தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வால் போகிறோம். 12 வயது மகனிடம் மவுண்டன் பைக் இருக்கிறது. கணவர், நான், 8 வயது மகள் மூவருக்கும் சாதாரண ஹைபிரிட் சைக்கிள்தான். பழைய சுரங்கப் பகுதி வழியாக ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஓட்டலாம் என்கிறார்கள். எங்களால் முடியுமா? அங்கே பாழடைந்த சுரங்கக் குழிகள் நிறைய என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. கடலோரக் குன்றுப் பாதையிலும் ஓட்டலாமா?

பதில்: முடியும். வட கரையில் போர்ட்ரீத், தென் கரையில் டெவோரன். இடையே 11 மைல், ஏறக்குறைய 18 கிலோமீட்டர். உங்கள் மகள் இதை ஒரு வழி ஓட்டிவிடுவாள். போய்த் திரும்பினால் 36 கிலோமீட்டர், அது அவளுக்கு அதிகம். குழிகளைப் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் ஆபத்து பாதையில் இல்லை. பாதையை விட்டு இறங்கினால்தான் இருக்கிறது. கிளம்பும் முன் பிள்ளைகள் இருவருக்கும் இதை அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

ஏற்றம் எப்படி இருக்குமோ என்ற கவலை வேண்டாம். வட பாதி, 1809-ல் வேலை தொடங்கிய போர்ட்ரீத் டிராம் பாதையின் வழி. குதிரைகள் தண்டவாளத்தில் வண்டி இழுத்த காலம் அது. செம்புத் தாது துறைமுகத்துக்கு இறங்கும். அங்கிருந்து கப்பலேறி வேல்ஸில் ஸ்வான்சீக்கு உருக்கப் போகும். திரும்பும் கப்பலில் நிலக்கரி வரும், அதைக் குதிரைகள் மேலே இழுக்கும். பாரம் ஏற்றிய குதிரைக்கு ஏற்ற சாய்வைத்தான் அப்போது போட்டார்கள். தென் பாதி 1820-களில் போட்ட ரெட்ரூத் சேஸ்வாட்டர் ரயில்வேயின் வழி. அந்த ரயில்வேக்கு முன்னின்றவர் ஜான் டெய்லர் என்ற சுரங்கப் பொறியாளர். அவர் குடும்பத்தின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் 1880-க்குப் பிறகு கோலார் தங்கவயலை நடத்தியது. கார்ன்வாலில் சுரங்க வேலை நொடித்தபோது அங்கிருந்து போனவர்களும், வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புக்குப் போன தமிழர்களும் கோலாரில் ஒரே சுரங்கக் குழியில் இறங்கினார்கள். உங்கள் உறவில் கோலார்க்காரர்கள் யாராவது இருந்தால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

போர்ட்ரீத்திலிருந்து தொடங்குவதுதான் நல்லது. ஸ்காரியர் வரை மெதுவான ஏற்றம், அதுவும் கால் களைக்காத நேரத்தில். அப்புறம் போல்டைஸ் பள்ளத்தாக்கில் இறக்கம். ட்வெல்வ்ஹெட்ஸ் தாண்டினால் பிஸ்ஸோ வழியாக டெவோரன் வரை கிட்டத்தட்டச் சமதளம். இடையிடையே கார் வரும் குறுகிய சாலைகளிலும் போக வேண்டியிருக்கும். அங்கே பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். காரைப் போர்ட்ரீத்தில் விட்டிருந்தால், டெவோரனிலிருந்து சில கிலோமீட்டரில் பெரன்வெல் ரயில் நிலையம் இருக்கிறது. பெரியவர்களில் ஒருவர் சைக்கிளோடு ரயிலேறி, ட்ரூரோவில் மாறி, ரெட்ரூத்தில் இறங்கினால் போர்ட்ரீத்துக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். காரை எடுத்து வந்து மற்றவர்களை ஏற்றிக்கொள்ளலாம். இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால் பிஸ்ஸோவில் காரை நிறுத்தி, போல்டைஸ் வரை போய்த் திரும்புங்கள். மொத்த வழியிலும் பார்க்க வேண்டிய துண்டு என்னைக் கேட்டால் அதுதான்.

போல்டைஸில் வெள்ளீயமும் செம்பும் எடுத்தார்கள். பின்னாளில் ஆர்சனிக் என்ற நஞ்சையும் தயாரித்தார்கள். தாதுவை வறுக்கும்போது வரும் புகையை வளைந்து வளைந்து போகும் கல் அறைகளுக்குள் விட்டு, சுவரில் படியும் ஆர்சனிக் தூளைச் சுரண்டி எடுப்பார்கள். அந்தச் சுவர்களின் இடிபாடு இன்னும் நிற்கிறது. பல இடங்களில் இன்றும் புல்கூட முளைப்பதில்லை. ஓட்டிக்கொண்டு போவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிள்ளைகள் மண்ணைக் கையில் எடுத்து விளையாட வேண்டாம், சாப்பிடுமுன் கை கழுவ வேண்டும், சைக்கிளையும் காலணியையும் வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் கழுவிவிடுங்கள். காற்றடிக்கும் வறண்ட நாளில் அங்கே உட்கார்ந்து சாப்பிடாமல் பிஸ்ஸோ போய்ச் சாப்பிடுங்கள்.

தண்ணீரிலும் கால் வைக்க வேண்டாம். 1748-ல் தோண்டத் தொடங்கிய கிரேட் கவுண்டி அடிட் என்ற நிலத்தடிக் கால்வாய், கிளைகளோடு சேர்த்து 60 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, சுரங்கங்களின் நீரையெல்லாம் இன்றும் கார்னன் ஆற்றில் விடுகிறது. 1992 ஜனவரியில் பக்கத்து வீல் ஜேன் சுரங்கத்தில் தேங்கிய அமிலநீர் உடைத்துக்கொண்டு வந்து, ஆறும் கழிமுகமும் ஆரஞ்சு நிறமாகிப் போயின.

குழிகளுக்கு வருவோம். தெரிந்த குழிகளைச் சுற்றிக் கல்சுவரோ வேலியோ இருக்கும். சிலவற்றின் மேல் கூம்பு வடிவக் கம்பிவலை போட்டிருப்பார்கள், உள்ளே குடியிருக்கும் வௌவால்கள் வந்துபோக வசதியாக. இவற்றைப் பார்க்கலாம், சாயவோ ஏறவோ கூடாது. கண்ணுக்குத் தெரியும் குழியைவிட மோசமானது தெரியாத குழி. அந்தக் காலத்தில் வாயில் மரக்கட்டைகளைப் போட்டு மேலே மண் தள்ளி மூடியவை உண்டு. கட்டை உளுத்துப்போனால் தரை உள்வாங்கும். அதனால் புதர் ஓரம் ஒதுங்கப் போனாலும் பாதையிலிருந்து தள்ளிப் போகாதீர்கள். கழிவு மேடுகளில் ஏறாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்பு கலந்த சுரங்க மண்ணில் மட்டும் வளரும், உலகில் மிக அரிதான பாசி ஒன்று கார்ன்வாலில் இருக்கிறது. வெறும் மண்தானே என்று டயர் ஏற்றினால் அழிவது அப்படிப்பட்ட உயிர்கள்தான்.

கடலோரக் குன்றுப் பாதையில் ஓட்டக் கூடாது. சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத் பெரும்பாலும் நடைபாதை, சைக்கிளுக்கு அங்கே உரிமை இல்லை. விளிம்புகள் அடியில் அரித்துப்போய் நிற்பதால் நடப்பவர்களுமே ஒதுங்கித்தான் போக வேண்டும். இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட உரிமை தந்தது, நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் நீண்ட பச்சைக் கோடுகள் குதிரைப் பாதை, குட்டைக் கோடுகள் நடைபாதை. செயின்ட் ஆக்னஸ் பக்கம் கடலுக்கு மேல் நிற்கும் வீல் கோட்ஸ் என்ஜின் ஹவுஸை, அதாவது சுரங்கத்தின் நீராவி என்ஜின் இருந்த கட்டடத்தை, கட்டாயம் பாருங்கள், ஆனால் நடந்து போய்.

இன்னொரு நாள் கிடைத்தால், அப்பாவும் மகனும் மட்டும் கார்ன் பிரே குன்றைச் சுற்றும் கிரேட் பிளாட் லோட் பாதைக்குப் போகலாம். 7.5 மைல் வட்டம். வழக்கமாகச் செங்குத்தாக இறங்கும் தாது அடுக்கு இங்கே ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் படுத்திருந்ததால், வரிசையாகச் சுரங்கங்கள் வந்தன. என்ஜின் ஹவுஸ்களும் அப்படியே வரிசையாக நிற்கின்றன. கல்லும் மேடும் கூடுதல் என்பதால் கணவர் ஒரு மவுண்டன் பைக்கை வாடகைக்கு எடுப்பது நல்லது. குதிரை எதிரே வந்தால் மணியடித்து மிரட்டாமல், வேகத்தைக் குறைத்து, ஹலோ என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அவ்வளவாக மிரளாது.

முதல் பாதைக்கு உங்கள் ஹைபிரிட் போதும், டயர் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நிம்மதி. சந்துகளில் வேலிச்செடி முள் குத்திப் பஞ்சராவது சகஜம், ஆளுக்கொரு டியூப் எடுத்துப் போங்கள்.

மகன் போல்டைஸில் உள்ளூர்ப் பையன்கள் மண்மேட்டில் தாவிக் குதிப்பதைப் பார்த்து ஆசைப்படுவான். அங்கே விட வேண்டாம். ஊர் திரும்பும் வழியில் பாட்மின் அருகே கார்டினம் காட்டில் மவுண்டன் பைக்குக்கென்றே போட்ட பாட்மின் பீஸ்ட் என்ற 12 கிலோமீட்டர் நீலத் தர (நடுத்தரக் கடினம்) பாதை இருக்கிறது. அதிலிருந்து பிரியும், அதைவிடக் கடினமான சிவப்புத் தரத் துண்டுகளை, முதல் சுற்றில் அவன் எப்படி ஓட்டுகிறான் என்று பார்த்துவிட்டு அனுமதியுங்கள்.