ஸ்பிரிட்டுன்னு பேர் வெச்சது யாரு?

கேள்வி: குண்டு வெடிச்ச மறுநாளே மும்பைக்காரன் எழுந்து வேலைக்குப் போயிடறான். அந்த ஸ்பிரிட் நம்ம ஆளுங்களுக்கு ஏன் இல்ல? எது நடந்தாலும் பயம், புலம்பல்! (ஒரு வாசகர்)

பதில்: அந்த ஸ்பிரிட்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது, கோவிச்சுக்காதீங்க. மறுநாள் காலைல லோக்கல் ட்ரெயின்ல தொத்திக்கிட்டுப் போனவன் வீரத்தைக் காட்டவா போனான், லீவு போட்டா சம்பளத்துல கை வெப்பாங்க, அதான் வயித்துல புளியைக் கரைச்சாலும் கிளம்பிப் போனான். அதைப் பார்த்து ஆஹான்னு கை தட்டினது டிவி முன்னாடி கால் நீட்டி உக்காந்திருந்த நாம.

2006 ஜூலை 11, ஆபீஸ் விட்டு வீடு திரும்பற நேரம், மும்பை வெஸ்டர்ன் லைன் லோக்கல் ட்ரெயின்கள்ல 11 நிமிஷத்துல 7 குண்டு, எல்லாமே ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டில. 180 பேருக்கு மேல செத்தாங்க. மறுநாள் ரயில் ஓடிச்சு, "எழுந்து நின்றது மும்பை"ன்னு தலைப்பு போட்டாச்சு (போட்டது வேற யாரும் இல்ல, நான்தான்). அன்னிக்கு அடிபட்ட ஒருத்தர் கோமாவுலேயே கிடந்து 2015 ஜூலைலதான் கண்ணை மூடினார். 9 வருஷம் சார். நாங்க தலைப்புல போட்ட அந்த மறுநாள் அவர் வீட்டுக்கு விடியவே இல்ல. அதே 2015ல 12 பேரைக் குற்றவாளின்னு சொன்னாங்க, 2025 ஜூலைல மும்பை ஹைகோர்ட் அந்த 12 பேரையும் விடுவிச்சுது, இப்போ அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கு. அப்போ குண்டு வெச்சது யாரு? இவங்க இல்லைன்னா அத்தனை வருஷம் ஜெயில்ல கிடந்ததுக்கு யார் பொறுப்பு? எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் பதறணும், நாம ரெண்டு நாள் வாட்ஸப்ல சண்டை போட்டுட்டு விட்டுட்டோம்.

புலம்பல்னு வேற எழுதியிருக்கீங்க. 1998 பிப்ரவரி 14, கோயமுத்தூர் குண்டுவெடிப்புல 58 பேர் போனாங்க. நமக்கு அந்தத் தேதி காதலர் தினம். அந்த வீடுகள்ல அது வேற நாள். அவங்க வருஷா வருஷம் அழுதா அதுக்குப் பேர் புலம்பலா?

என்னையும் சொல்லிக்கறேன். 2008 நவம்பர்ல மும்பைக்குள்ள பயங்கரவாதிங்க புகுந்தப்போ மூணு நாள் தாஜ் ஓட்டல் மாடத்துல புகை வர்றதைப் பார்த்துக்கிட்டே மடில தட்டை வெச்சு சாப்பிட்டேன், விளம்பரம் வந்தப்போ கை கழுவ எழுந்தேன், கிரிக்கெட் மேட்ச் மாதிரி. அதே மும்பைல சிஎஸ்டி ரயில்வே ஸ்டேஷன்ல 50 பேருக்கு மேல விழுந்து கிடந்தாங்க, ஆனா கேமரா தாஜை விட்டு நகரல, நானும்தான் நகரல. அந்த லைவைப் பார்த்துத்தான் எல்லைக்கு அந்தாண்டை இருந்தவன் போன்ல இங்க உள்ளவனுக்கு உத்தரவு போட்டுக்கிட்டிருந்தான். அந்தத் தாக்குதல்ல உயிரோட பிடிபட்ட கசாப்போட வழக்குல, 2012 தீர்ப்புலேயே சுப்ரீம் கோர்ட் சேனல்களுக்கு நல்லா குட்டு வெச்சுது. பார்க்க நாம இருந்தோம், காட்டினான். கையில லத்தியோட மட்டும் போன மும்பை போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே கசாப்போட துப்பாக்கியைப் பிடிச்ச பிடி விடாம அத்தனை குண்டையும் தன் உடம்புல வாங்கிக்கிட்டார். அவன் உயிரோட சிக்கினது அதனாலதான். ஸ்பிரிட்டுன்னு சொல்லியே ஆகணும்னா அவருக்குச் சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

போன வாரம் ரயில் ஏறப் போனேன். வாசல்ல மெட்டல் டிடெக்டர், நுழையற ஒவ்வொருத்தருக்கும் கீ கீன்னு கத்துது, பக்கத்துலயே மூணடி சந்து, பாதிப் பேர் அது வழியா போறாங்க. காவலுக்கு இருந்தவர் செல்போன்ல ஏதோ வீடியோ பார்த்துக்கிட்டிருந்தார், தலையே நிமிரல. எனக்கும் கத்திச்சு, பையைத் திறன்னு யாரும் சொல்லல. கோவம் வந்துச்சான்னா, இல்ல சார். ட்ரெயினுக்கு டயம் ஆயிடுச்சு, அந்த ஆள் மட்டும் நிறுத்தியிருந்தா அவரைத்தான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.