ஒரே தொட்டியில் பல செடிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு தொட்டியில் பல செடிகளைச் சேர்த்து வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டிருந்தவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பார்க்க அழகாக இருந்த ஆறு செடிகளை வாங்கி வந்து ஒரே தொட்டியில் நட்டேன். ஒரு மாதத்துக்குள் இரண்டு அழுகிவிட்டன. ஒன்று படர்ந்து மற்றதையெல்லாம் மூடிவிட்டது. எதை வைத்துச் செடிகளைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் வெயில், அடுத்து தண்ணீர், அதற்கடுத்து வளரும் வேகம். இந்த மூன்றிலும் ஒத்துப்போகிற செடிகளை முதலில் பிரித்துக்கொண்டு, அழகான சேர்க்கையை அவற்றுக்குள்ளேயே தேடுங்கள். வரிசையை மாற்றினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

தொட்டி இருக்கப்போகிற இடத்தில் நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் முழுக்க, மணிக்கொரு தடவை பார்த்துக் குறித்துவையுங்கள். 6 மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் முழு வெயில். 3 முதல் 6 மணி நேரம் வரை அரை நிழல். அதற்கும் குறைவென்றால் நிழல். கூடவே அது காலை வெயிலா, பிற்பகல் வெயிலா என்றும் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் 4 மணி நேர வெயிலில் செழிக்கிற கோலியஸ், அதே 4 மணி நேரம் பிற்பகல் வெயில் பட்டால் ஓரம் கருகிப்போகும்.

முழு வெயிலுக்கு டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை, குரோட்டன்ஸ், பர்ப்பிள் ஹார்ட். அரை நிழலுக்கு கோலியஸ், பிகோனியா, ரியோ, கலாடியம், கார்டிலைன். நிழலுக்கு சிங்கோனியம், அக்லோனிமா, மணி பிளான்ட், பெரணி வகைகள். மேகமூட்டமான நாளில் டேபிள் ரோஸ் பூக்கள் சரியாக விரியாது. நிழலில் வைத்தால் தினமும் அதே நிலைதான். குரோட்டன்ஸ் நிழலில் செத்துப்போகாது, ஆனால் மஞ்சளும் சிவப்பும் மங்கி வெறும் பச்சையாகும்.

தண்ணீர் விஷயத்தில் நடுவழி கிடையாது. கற்றாழையும் டேபிள் ரோஸும் இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்து வைப்பவை. வேர்ப்பகுதி அவ்வப்போது காய வேண்டும். பெரணிக்கு மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நட்டு, பெரணிக்காகத் தண்ணீர் விட்டால் கற்றாழை வேர் அழுகும். கற்றாழைக்காக நிறுத்தினால் பெரணி ஓரம் காயும். உங்கள் தொட்டியில் அழுகிய இரண்டும் சதைப்பற்றுள்ள இலை கொண்டவையாக இருந்திருந்தால் காரணம் இதுதான்.

படர்ந்து மூடியது பெரும்பாலும் மணி பிளான்ட், பர்ப்பிள் ஹார்ட், அலங்காரச் சர்க்கரைவள்ளி போன்ற வேகக்காரச் செடியாகத்தான் இருக்கும். அது பிடித்திருந்தால் விட்டுவிட வேண்டாம். 4 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியோடு சேர்த்தே பெரிய தொட்டிக்குள் புதைத்துவிடுங்கள். வேர் அதற்குள்ளேயே நிற்கும், வேகமும் குறையும். கொடியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கிள்ளினால் போதும்.

கேள்வி: ஒத்துப்போகும் செடிகளைப் பிரித்துக்கொண்டேன். இனி எப்படிச் சேர்த்து வைத்தால் அழகாக இருக்கும்?

பதில்: மூன்று வேலைகளுக்கு ஆள் வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்: நிமிர்ந்து நிற்க ஒன்று, நடுவை நிரப்பச் சில, விளிம்பில் வழியச் சில. 12 அங்குலத் தொட்டிக்கு நிமிர்ந்தது 1, நிரப்புவது 2 அல்லது 3, வழிவது 2. அதற்கு மேல் வேண்டாம். நட்ட அன்று இடைவெளி தெரியத்தான் செய்யும், ஆறு வாரத்தில் மூடிவிடும். முதல் நாளே நிறைந்து தெரிய வேண்டுமென்று பத்துச் செடிகளைத் திணித்தால் காற்றோட்டம் இல்லாமல் அடி இலைகள் பூஞ்சை பிடித்து உதிரும்.

நிமிர்ந்த செடி, தொட்டி உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இரண்டு மடங்கைத் தாண்டினால் பார்வைக்கும் தலை கனத்துத் தெரியும், காற்றிலும் சாயும். நான்கு பக்கமிருந்தும் பார்க்கும் தொட்டியென்றால் அதை நடுவில் வையுங்கள். சுவரை ஒட்டிய தொட்டியென்றால் பின்பக்கம் தள்ளி வைத்து, முன்பக்கம் சரிவாக இறங்குமாறு மற்றவற்றை நடுங்கள்.

பூவைவிட இலையை நம்புங்கள். பூ சில வாரங்கள் இருக்கும். இலைதான் வருடம் முழுக்கக் கண்ணில் படும். வாள்போல நீண்டது, அகன்றது, பொடியானது என்று மூன்று விதமான இலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்லாமே பச்சையாக இருந்தாலும் தொட்டி எடுப்பாக இருக்கும். புள்ளி போட்ட இலைக்குப் பக்கத்தில் கோடு போட்ட இலையை வைக்காதீர்கள், இரண்டும் கெட்டுவிடும். அவற்றுக்கு நடுவே ஒரே நிற இலை ஒன்று வேண்டும்.

நிறங்களை இரண்டு அல்லது மூன்றோடு நிறுத்தி, ஒரு செடியில் உள்ள நிறம் இன்னொன்றிலும் வருமாறு பாருங்கள். கோலியஸ் இலையின் நடுவில் ஊதா இருந்தால் விளிம்பில் ஊதாக் கொடி வரட்டும். அடர் மரூன், கருஊதா இலைகள் இருண்ட சுவருக்கு முன்னால் காணாமல் போய்விடும். மங்கலான இடத்திலும் சாயங்காலத்திலும் எடுத்துக் காட்டுவது வெள்ளையும் எலுமிச்சைப் பச்சையும்தான்.

அப்படியே நடக்கூடிய மூன்று சேர்க்கைகள் சொல்கிறோம். முழு வெயிலுக்கு: நடுவில் மஞ்சள் குரோட்டன்ஸ் 1, சுற்றிலும் வெள்ளை நித்தியகல்யாணி 3, விளிம்பில் பர்ப்பிள் ஹார்ட் 2. அரை நிழலுக்கு: செந்நிறக் கார்டிலைன் 1, எலுமிச்சைப் பச்சைக் கோலியஸ் 2, வெள்ளைப் பிகோனியா 1, விளிம்பில் ஸ்பைடர் பிளான்ட் 2. நிழலுக்கு: டிராசினா 1, வெள்ளி இலை அக்லோனிமா 2, வெளிர் சிங்கோனியம் 1, விளிம்பில் மணி பிளான்ட் 1. நிழல் தொட்டிக்கு நடுவில் ஸ்னேக் பிளான்ட் வைக்கலாமே என்று பலருக்கும் தோன்றும். அது மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் கேட்கும் செடி. ஈரம் விரும்பும் செடிகளோடு சேர்த்தால் அடித்தண்டு கொழகொழத்துப்போகும். அதைத் தனித் தொட்டியில் வைத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: தண்ணீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் ஜல்லியும் ஓட்டுச் சில்லுகளும் போடச் சொல்கிறார்களே, சரியா?

பதில்: ஜல்லி அடுக்கு வேண்டாம். பொடியான மண்ணிலிருந்து நீர், பெரிய இடைவெளி உள்ள ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. மேல் மண் முழுக்க ஊறித் ததும்பிய பிறகே இறங்கும். அதனால் எந்தத் தொட்டியிலும் அடியில் தேங்கி நிற்கும் ஈர அடுக்கு, ஜல்லி போட்டால் அந்த ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்கு இருக்கிற இடமும் குறையும். துளையை அடைக்காமல் இருக்க ஒரு துண்டு கொசுவலை போதும். 12 அங்குலத் தொட்டிக்கு அரை அங்குல அகலத்தில் 4 துளைகளாவது இருக்க வேண்டும்.

வடிகால் மண் கலவையில்தான் இருக்கிறது. தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் சில வாரங்களில் இறுகிக் காற்றுப் புகாமல் போகும். கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைப் பாறைத் துகள்) அல்லது பருமணல் 1 பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு 12 முதல் 15 லிட்டர் கலவை பிடிக்கும். சதைப்பற்றுச் செடிகளுக்கு மணலை 2 பங்காக்கி, கோகோபீட்டை 1 பங்காகக் குறையுங்கள். கோகோபீட்டில் உப்பு தங்கியிருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றாமல் பயன்படுத்தினால் இலை நுனி கருகும். மணல் பொடியாக இருந்தால் பயனில்லை, அது இடுக்குகளை அடைத்துக் கலவையை இன்னும் இறுக்கும்.

கேள்வி: நடும்போது கவனிக்க வேண்டியவை?

பதில்: மண்ணில் வைப்பதற்கு முன் செடிகளை அவை வந்த பிளாஸ்டிக் கவர்களோடே தொட்டியில் நிறுத்தி, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் அவற்றுக்குத் தண்ணீர் விட்டிருங்கள். காய்ந்த வேர்ப்பந்து உடைந்து உதிரும். கவரைக் கழற்றியதும் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். ரொம்பவும் இறுகியிருந்தால் பக்கவாட்டில் நான்கு இடத்தில் கத்தியால் லேசாகக் கீறலாம். அப்படியே நட்டால் வேர் பழைய வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கவரில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். தண்டை மண் மூடினால் அழுகும். மண்ணுக்கும் விளிம்புக்கும் இடையே 1 அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே வழிந்து ஓடும். நட்ட பிறகு ஒரு வாரம் வெளிச்சமான நிழலில் வைத்து, பிறகு அதன் இடத்துக்கு மாற்றுங்கள். முதல் மூன்று வாரம் உரம் வேண்டாம்.

கேள்வி: புதினாவையும் துளசியையும் ஒரே தொட்டியில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். புதினா ஓடுதண்டு விட்டுத் தொட்டி முழுக்கப் பரவும். அதைத் தனியாக வையுங்கள்.

கேள்வி: தினமும் தண்ணீர் விடுகிறேன். கீழே வழிகிறது, ஆனாலும் செடிகள் வாடுகின்றன.

பதில்: விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால், கலவை ஒருமுறை முழுக்க வறண்டு சுருங்கி, தொட்டிச் சுவரை ஒட்டி இடைவெளி விழுந்திருக்கும். நீங்கள் விடும் தண்ணீர் அந்த வழியாக ஓடிவிடுகிறது, வேருக்குப் போவதில்லை. தொட்டியைத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அரை மணி நேரம் வைத்து ஊறவிடுங்கள். தூக்க முடியாத தொட்டியென்றால் பத்து நிமிட இடைவெளியில் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

உள்ளே சதசதவென்று இருந்தும் செடி வாடினால் அது வேரழுகல். காற்று கிடைக்காத வேர் நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. இங்கே தண்ணீரைக் கூட்டுவது செடியைக் கொன்றுவிடும். கிளறி எடுத்து, கருத்து மென்மையான வேர்களை வெட்டிவிட்டுப் புதிய கலவையில் வையுங்கள். எந்தத் தொட்டிக்கும் தினமும் என்று கணக்கு வைக்காமல், மேல் 1 அங்குலம் காய்ந்த பிறகு, துளை வழியே வழியும்வரை விடுங்கள்.

கேள்வி: வெள்ளையும் பச்சையுமாக வாங்கிய சிங்கோனியம் முழுப் பச்சையாகிவிட்டது. நித்தியகல்யாணியில் இலை மட்டும் வருகிறது, பூவே இல்லை.

பதில்: முதலாவதற்கு வெளிச்சம் போதவில்லை. பச்சைக் கிளைகளை அடியோடு வெட்டுங்கள். பச்சையம் அதிகம் என்பதால் அவைதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும். இரண்டாவதற்கு வெயில் குறைவாக இருக்கலாம், அல்லது தழைச்சத்து (நைட்ரஜன்) கூடியிருக்கலாம். தொழு உரத்தை நிறுத்திவிட்டு, பூப்பதற்கென்று விற்கும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடிய, நீரில் கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் 15 நாளுக்கு ஒரு தடவை விடுங்கள்.

கேள்வி: ஒரு செடியில் வந்த மாவுப்பூச்சி தொட்டி முழுக்கப் பரவிவிட்டது.

பதில்: சேர்த்து நட்ட தொட்டியில் இலைகள் ஒன்றையொன்று தொடுவதால் அப்படித்தான் பரவும். எறும்பும் அதைச் சுமந்து பரப்பும். மோசமான கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். 1 லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 1 மி.லி. கலந்து, இலையின் அடிப்பக்கமும் கணுவும் நனைய மாலையில் தெளியுங்கள். வாரம் ஒரு தடவையாக மூன்று வாரம். வெயிலில் தெளித்தால் இலை பொசுங்கும். பிகோனியாபோல மென்மையான இலைகளில் முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள். இனி வாங்கும் செடிகளை இரண்டு வாரம் தனியே வைத்த பிறகே சேர்த்து நடுங்கள்.

கேள்வி: வீட்டில் தவழும் குழந்தையும் பூனையும் இருக்கின்றன. தவிர்க்க வேண்டிய செடிகள் எவை?

பதில்: டைஃபன்பாகியா, கலாடியம், சிங்கோனியம், அக்லோனிமா, மணி பிளான்ட் எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வெயிலுக்குச் சொன்ன நித்தியகல்யாணியும் குரோட்டன்ஸும்கூட நஞ்சுள்ளவையே. ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் பெரணி, பெப்பரோமியா, கலாத்தியா ஆகியவற்றில் அந்தப் பயமில்லை. இவற்றில் ஸ்பைடர் பிளான்ட், பெரணி, கலாத்தியா மூன்றையும் ஒரே தொட்டியில் நடலாம். பெப்பரோமியாவுக்கு ஈரம் குறைவாக வேண்டும், அதை மட்டும் தனியாக வையுங்கள்.

கேள்வி: இப்படிச் சேர்த்து நட்ட தொட்டி எத்தனை நாள் அழகாக இருக்கும்?

பதில்: பூச்செடிகளை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு வருடம். அதற்குள் வேர் தொட்டியை நிறைத்துவிடும். துளை வழியே வேர் எட்டிப்பார்ப்பதும், விட்ட தண்ணீர் உடனே வழிவதும் அறிகுறிகள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நடுச் செடியின் வேர்ப்பந்தில் வெளிப்புறம் மூன்றில் ஒரு பங்கைச் சீவி, அதே அளவு மேல் கிளைகளையும் வெட்டி, புதிய கலவையில் வையுங்கள். கோலியஸை மட்டும் திரும்ப வைக்காதீர்கள், அதற்குள் தண்டு மரத்துப்போயிருக்கும். 4 அங்குல நுனிகளை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளித் தண்ணீரில் நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும், அவற்றையே நடுங்கள். கோலியஸில் பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட வேண்டும். பூத்து விதை பிடிக்க ஆரம்பித்தால் இலை சிறுத்துவிடும்.