ஒரு கம்ப்யூட்டர், மூன்று யூசர்: கேள்வி-பதில்

விண்டோஸ் லேப்டாப்பில் எனக்கும் மனைவிக்கும் பையனுக்கும் தனித்தனி அக்கவுண்ட். பாட்டு, போட்டோ மூவருக்கும் தெரிய வேண்டும் என்றதற்கு, சர்வீஸ் கடையில் ‘ஷேரிங் சாஃப்ட்வேர்’ என்று 1,800 ரூபாய் வாங்கினார்கள். ஜிபேயில் கொடுத்தேன். பில் கேட்டும் தரவில்லை.

உங்கள் மேல் தப்பே இல்லை, ஏமாற்றியிருக்கிறார்கள். சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் ‘பப்ளிக்’ என்ற ஃபோல்டர் விண்டோஸோடு சேர்ந்தே வருவது. அதில் போட்டால் மூவருக்கும் திறக்கும். கட் செய்யாமல் காப்பி செய்து போடுங்கள். கட் செய்தால் பழைய அனுமதியே ஒட்டிக்கொண்டு மற்றவர்களுக்குத் திறக்காமல் போகலாம். பணத்தை விடாதீர்கள். பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். கடைக்காரர் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் ‘ஷேர்டு’ ஃபோல்டரில் நான் போட்ட வீடியோவை மகளால் பார்க்க முடிகிறது, அழிக்க முடியவில்லை. சர்வீஸுக்குக் கொடுக்கவா?

வேண்டாம். போட்டவர்தான் அழிக்கலாம், ஏற்பாடே அப்படி.

கூகுள் காலண்டரை ஐசிஎஸ் ஃபைலாக எடுத்து மனைவியின் அக்கவுண்டில் ஏற்றினேன். பிறகு பள்ளிக் கூட்டத் தேதியை மாற்றினேன். அவருக்குப் பழைய தேதியே காட்டுகிறது. எந்த ஆப் வாங்கலாம்?

எதுவும் வாங்காதீர்கள். எனக்குத் தீராத ஆத்திரம் இதில்தான். ஐசிஎஸ் ஃபைல் என்பது காலண்டரின் அந்த நேரத்து நகல். ஏற்றியபின் உங்கள் காலண்டருக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. இதைச் சொல்லாமலே ‘குடும்பக் காலண்டர்’ என்று விற்கிறார்கள். நான் வருடச் சந்தா கட்டிய ஆப் ஒன்று இந்த நகலைத்தான் ஏற்றித் தந்தது. கேட்டதற்குப் பதிலும் இல்லை, பணமும் வரவில்லை. ஓரிடத்தில் தேதியை மாற்றினால் மற்ற இடத்தில் மாறுமா என்று கேட்காமல் யாரும் காசு கட்டாதீர்கள். கூகுள் காலண்டரை பிரவுசரில் திறந்து, செட்டிங்ஸில் மனைவியின் மின்னஞ்சலுக்குப் பகிருங்கள், மாற்றும் அனுமதியோடு. இலவசம்தான். முதலில் ஏற்றியதை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

399 ரூபாய்க்கு 2 டிபி (டெராபைட்) பென்டிரைவ் வாங்கி, அப்பாவின் அக்கவுண்டில் இருந்த படங்களை ஏற்றிவிட்டு அக்கவுண்டை அழித்தேன். பாதிப் படம் திறக்கவில்லை.

அந்த விலைக்கு 2 டிபி எங்கேயும் கிடையாது. அளவைப் பொய்யாகக் காட்டும் போலிச் சரக்கு. உண்மையான இடம் நிரம்பியபின் ஏற்றியது எதுவும் உருப்படியாகத் தங்காது. அப்பாவின் படங்களை ஒருமுறை திறந்துகூடப் பார்க்காமல் அக்கவுண்டை அழிக்கலாமா? லேப்டாப்பை உடனே அணைத்து, டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு இருக்கிறது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் மிகக் குறைவு.