நோயாளி இருக்கும் வீடு: கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு ஆறு ஆண்டுகளாக மனச்சிதைவு நோய். மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். ஆனாலும், "நீ சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் என் பிள்ளைக்கு இப்படி ஆகுமா?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். வீட்டுப் பேச்சால் நோய் வருமா?

பதில்: இந்த நோய் உங்களால் வரவில்லை, அம்மா, அதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வீட்டுப் பேச்சு நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் தணிந்த நோய் மீண்டும் தலைதூக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. லண்டனில் 1950களில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிய ஆய்வுகளும், 1976இல் கிறிஸ்டீன் வான், ஜூலியன் லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வும், ஓயாத குறைகூறலும் வெறுப்பும் அளவுகடந்த தலையீடும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது என்பதையும், அத்தகைய உறவினருடன் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களின் நிலை இன்னும் மோசமானது என்பதையும் காட்டின. குளிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை நாம் சோம்பேறி என்கிறோம்; அந்த முடக்கமும் நோயின் ஒரு கூறுதான். உங்கள் மாமியாரின் பழிச்சொல்லுக்குள் பெற்ற வயிற்றின் துயரம் இருக்கிறது. அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் நூறு முறை சொல்லியும் மாமியார் ஏற்காததை மருத்துவர் வாயால் கேட்டால் ஏற்கக்கூடும். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு உறவினரும் தங்கும் முறையைப் பல்லாண்டுகளாகக் கடைப்பிடிப்பதும் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவதற்காகத்தான்.

கேள்வி: என் மனைவிக்கு இருமுனை மனநோய். பத்து வயது மகன் இரவில் அவளுடைய மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறான். பொறுப்பான பிள்ளை என்று மகிழ்வதா?

பதில்: மகிழ வேண்டாம், ஐயா. பெரியவர்களின் கவலையை அவன் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். தான் செய்த குறும்பால்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நம்பும் குழந்தைகள் பலர். கேட்டால் சொல்ல மாட்டார்கள். நோயின் பெயரைச் சொல்லுங்கள், அது அவனால் வரவில்லை என்று சொல்லுங்கள், அட்டையை இன்று முதல் நீங்களே எண்ணுங்கள். பள்ளி நாள் காலைகளில் மட்டும் வயிற்றுவலி என்றால் அலட்சியம் செய்யாதீர்கள்; மனக்கவலை அப்படியும் வெளிப்படலாம்.

கேள்வி: மறதி நோயுள்ள அப்பாவை நான் ஒருத்தியே பார்க்கிறேன். தூக்கமில்லை, அவர் மீது எரிந்து விழுகிறேன். நான் கெட்டவளா?

பதில்: இல்லை, களைத்தவர். அண்ணன் தம்பிகளிடம் "உதவுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள். "சனிக்கிழமை இரவு நீ அப்பாவுடன் படுத்துக்கொள்" என்று நாளும் ஆளும் குறித்துக் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்; பராமரிப்பவர்களும் அழைக்கலாம். தூக்கமின்மை தொடர்ந்தால், அப்பாவுக்கு மருந்து வாங்கச் செல்லும் அன்றே நீங்களும் மருத்துவரைப் பார்க்க ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்.