ஒரு நச்சுக்காளானும் அதன் காகித உறைகளும்: கேள்வி பதில்

ஆங்கிலத்தில் டெத் கேப் என்று வழங்கும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் நச்சுக்காளானின் ஹெர்பேரியப் பதிவுகள் (உலர்த்திய மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தின் பதிவுகள்) குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தாவரவியல் மாணவி: அழுகிப்போகும் காளானை எப்படிப் பாதுகாக்கிறார்கள்?

மிதமான சூட்டில் காற்றோட்டத்துடன் முழுமையாக உலர்த்தி, காகித உறையிலோ சிறு பெட்டியிலோ இடுகிறார்கள். உலர்ந்தபின் நிறமும் மணமும் மாறிவிடுவதால், குடையின் பச்சை கலந்த மஞ்சள் நிறம், குடையின் அடியில் தகடுகளாக இருக்கும் வெண்ணிறச் செவுள்கள், காம்பின் வளையம், அடியிலுள்ள பை போன்ற உறை, அருகில் நின்ற மரம் ஆகியவற்றைப் பறித்த அன்றே எழுதிவைக்க வேண்டும். அவசரத்தில் காம்பை ஒடித்துப் பறிப்பவர்கள் அடியுறையை மண்ணிலேயே விட்டுவிடுவார்கள். இந்த இனத்தை அடையாளம் காண அதைவிட முக்கியமான உறுப்பு இல்லை.

ஆசிரியர் ஒருவர்: இது கலிபோர்னியாவுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதற்கு என்ன சான்று?

இந்தப் பதிவுகளின் அருமை தெரிவது இங்கேதான். வட அமெரிக்காவின் பழைய நூல்களில் இப்பெயர் பலமுறை வருகிறது. ஆனால் அந்த நாட்களில் வேறு சில அமானிட்டா இனங்களையும் இதே பெயரில் எழுதியதால், வெறும் எழுத்தை நம்பி இது மண்ணுக்குரியது என்றோ வந்தேறியது என்றோ முடிவுசெய்ய இயலவில்லை. உறுதிசெய்யப்பட்ட கலிபோர்னிய மாதிரிகளில் மிகப் பழையது 1938இல் மான்டரேயில் உள்ள டெல் மான்டே ஹோட்டல் வளாகத்தில் எடுக்கப்பட்டது. அடுத்தது 1945இல் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் கிடைத்தது. இரண்டுமே காடல்ல, மனிதர் மரம் நட்டு வளர்த்த இடங்கள் என்பதைக் கவனியுங்கள். இக்காளான் மரவேர்களோடு கூட்டுவாழ்வு நடத்துவதால், ஐரோப்பிய மரக்கன்றுகளின் வேர்மண்ணோடு வந்திருக்கக்கூடும். 2009இல் வெளியான மரபணு ஆய்வும் ஐரோப்பிய மூலத்தையே வலுவாகச் சுட்டியது. இன்று அது கடலோரத்து உள்ளூர் ஓக் மரங்களின் அடியில் ஏராளமாக முளைக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்: காகித உறையில் எழுதிய பெயர் தவறானால் அழித்துத் திருத்தலாமா?

கூடவே கூடாது. புதிய பெயர், தீர்மானித்தவர், நாள் ஆகியவற்றுடன் ஒரு சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவதே முறை. முந்தையவர் எங்கே தடுமாறினார் என்பதும் பதிவின் ஒரு பகுதியே.

கவலையுடன் ஒருவர்: உலர்ந்த மாதிரியைத் தொட்டால் ஆபத்தா?

தொடுவதால் நஞ்சேறாது, உண்டால்தான் ஆபத்து. ஆனால் அதிலுள்ள அமடாக்சின் என்னும் நஞ்சு உலர்த்தினாலும் சமைத்தாலும் அழிவதில்லை. ஆகவே ஆய்வு மேசையில் தேநீர்க் கோப்பை வேண்டாம்.

மீண்டும் அந்த ஆசிரியர்: ஒரு மாவட்டத்தில் மாதிரியே இல்லையென்றால் அங்கே காளான் இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. பூஞ்சையின் உடல் ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் இருக்க, குடை வெளியே தெரிவது சில நாட்கள்தான்; அந்நாட்களில் அறிந்தவர் ஒருவர் அவ்வழியே நடந்திருந்தால் மட்டுமே உறை ஒன்று காப்பகத்தைச் சேரும். பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பதிவுகள் குவிந்திருப்பது பெரும்பாலும் காளானைவிடச் சேகரிப்பவர்களின் நடமாட்டத்தையே காட்டுகிறது.